ஜீஸியா, கூச்சி மேனா: டிராப் கேட்க எங்கிருந்து தொடங்குவது?

அக்கா மகன் லேப்டாப்பில் பீட் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். செமஸ்டர் லீவுக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "மாமா, டிராப் டிராப்னு சொல்றாங்களே, அதை ஆரம்பத்துலேருந்து கேக்கணும்னா யாரைக் கேக்கறது? ஜீஸியா, கூச்சி மேனா? ரெண்டு பேரோடதும் மலை மாதிரி கிடக்கு. ஒருத்தரைச் சொல்லுங்க, லீவு முடியறதுக்குள்ள கேட்டு முடிச்சிடறேன்."

இருவரும் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து ராப் பாடகர்கள், டிராப் என்பது அங்கே வளர்ந்த ஒரு ராப் வகை. "ஜீஸி" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறுத்தியது. அது என் பழைய பதில். மனசு எப்போதோ கட்சி மாறிவிட்டது, வாய்க்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. சரி, பொறுமையாக உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவனுக்கும் ஆகும், அவனைப் போல எந்தப் பக்கம் போவது என்று நிற்பவர்களுக்கும் ஆகும்.

பெயர் விஷயம் ஒன்று. அந்த இத்தாலியக் கைப்பை கம்பெனியின் பெயரை நம்மில் பாதிப் பேர் 'குச்சி' என்றுதான் எழுதுகிறோம். 'குச்சி மனிதன்' என்று வாசித்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று நான் நெடில் போட்டுக் கூச்சி என்று எழுதுகிறேன். ஆளும் 2016 வரை குச்சி மாதிரி இருந்தவர் இல்லை. அந்தக் கதை பின்னால் வரும்.

டிராப் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அட்லாண்டாவின் தெருப்பேச்சில் 'டிராப்' என்றால் போதைமருந்து விற்கிற வீடு. அங்கே நடப்பதைப் பாடும் ராப்புக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2003-இல் அட்லாண்டா ராப்பர் டி.ஐ. தன் ஆல்பத்துக்கு 'டிராப் மியூசிக்' என்று பெயர் வைத்தார், அதைக் காட்டி இந்த இசையைத் தொடங்கியவன் நானே என்கிறார். கூச்சி ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். காதுக்கு அடையாளம் இதுதான்: 808 டிரம் மெஷினிலிருந்து வரும், அடிவயிற்றில் அதிரும் பேஸ், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி விடாமல் தட்டும் ஹை-ஹேட் என்கிற தாளத்தட்டு, அதற்கு மேலே கொஞ்சம் சோகமும் கொஞ்சம் மிரட்டலுமாக ஒரு கீபோர்டு. இன்றைக்கு எந்த நாட்டு பாப் பாட்டைப் போட்டாலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

ஜீஸியின் இயற்பெயர் ஜே ஜென்கின்ஸ். 1977-இல் தென் கரோலினாவில் பிறந்து ஜார்ஜியாவில் வளர்ந்தவர். ஆரம்பத்தில் தன்னைப் பாடகராகவே நினைத்துக்கொள்ளவில்லை, லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனி நடத்தும் எண்ணத்தோடு வந்தவர். அந்த முதலாளித் தோரணை அவர் குரலில் இன்றும் இருக்கிறது. கூச்சி மேன் என்ற ராட்ரிக் டேவிஸ் 1980-இல் அலபாமா மாநிலத்தின் பெஸ்ஸமரில் பிறந்தவர். அம்மா பள்ளி ஆசிரியை. அப்பாவை ஊரில் 'கூச்சி மேன்' என்று கூப்பிடுவார்களாம், அந்தப் பட்டப்பெயரை மகன் எடுத்துக்கொண்டார். ஒன்பது வயதில் கிழக்கு அட்லாண்டாவுக்கு வந்தார். போலீஸ் கணக்கில் அது ஆறாவது மண்டலம், பாட்டுகளில் 'ஸோன் 6'.

இருவரையும் ஒப்பிட நல்ல இடம் 2005-இல் வந்த 'ஐஸி' என்ற பாட்டு. பாட்டு கூச்சியுடையது. ஜீஸி அதில் விருந்தாளி. பீட் போட்டவர் ஸேடோவன். இவர் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர், முடிதிருத்தும் வேலையும் கற்றவர், வீட்டின் நிலவறையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். டிராப் பாட்டுக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கிற விரல்கள் ஓடுவதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் அது கேட்காமல் போகாது.

அந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் போட்டுப் பாருங்கள். கூச்சியின் குரல் சளி பிடித்தவர் பேசுகிற மாதிரி மூக்கால் வரும். வார்த்தைகளை இழுத்து, தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விட்டு, சின்னப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது பாடுவார்களே, அந்த ராகத்தில் போவார். இது என்ன பாட்டு, தூக்கத்தில் உளறுகிறாரா என்று முதல் தடவை தோன்றும். எனக்குத் தோன்றியது. ஜீஸி வரும்போது அறையில் வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கும். கரகரத்த குரல். குட்டி குட்டி வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு இடைவெளி.

அந்த இடைவெளியில்தான் ஜீஸியின் முழு வித்தையும். வில்லுப்பாட்டில் பெரியவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார் இல்லையா, ஜீஸி அந்த இரண்டு வேலையையும் தானே செய்கிறார். ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார், பின்னாலிருந்து அவருடைய குரலே "யே...யா" என்று இழுக்கும், இல்லையென்றால் "ஹா ஹா" என்று சிரிக்கும். வரியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. எதுகை பல இடத்தில் நொண்டும், சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லி எதுகை என்று நம்மிடம் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த "யே...யா" விழுந்ததும், சத்தியம் செய்த மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பாட்டே இருவருக்கும் பகையானது. பாட்டு ஊரெல்லாம் ஓடியது. ஜீஸியை எடுத்திருந்த டெஃப் ஜாம் நிறுவனம் அதை ஜீஸியின் ஆல்பத்தில் சேர்க்கப் பார்த்தது, கூச்சி கொடுக்கவில்லை. ஜீஸி தரப்பு எங்களுக்குப் பணம் வரவில்லை என்றது. அதோடு நின்றிருந்தால் சினிமா பாட்டு உரிமைச் சண்டை மாதிரி போயிருக்கும். ஜீஸி ஒரு பாட்டில் கூச்சியின் கழுத்துச் சங்கிலியைப் பறித்து வருபவனுக்குப் பத்தாயிரம் டாலர் என்று அறிவித்தார். அதே 2005 மே மாதம் கூச்சி இருந்த வீட்டுக்குள் சில பேர் நுழைந்து தாக்கினார்கள். கூச்சி சுட்டதில் ஒருவர் இறந்தார். இறந்தவர் பூக்கி லாக், ஜீஸியின் லேபிளோடு சேர்ந்திருந்த ராப்பர். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் கூச்சி. போதிய சாட்சியம் இல்லை என்று 2006 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அந்தத் தாக்குதலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது ஜீஸியின் நிலை.

இதை நான் ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இந்த இருவரின் வளர்ச்சியைப் பேசுகிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஒருவரின் முதல் ஆல்பம் கடைக்கு வருகிற அதே வாரத்தில் அவர் கொலை வழக்கில் உள்ளே போனார். மற்றவரின் முதல் பெரிய ஆல்பம் இரண்டு மாதம் கழித்து ராஜ மரியாதையோடு வந்தது. தொடக்கக் கோட்டிலேயே ஏற்றத்தாழ்வு.

ஜீஸியின் அந்த ஆல்பம், 'லெட்ஸ் கெட் இட்: தக் மோட்டிவேஷன் 101', 2005 ஜூலை 26-ஆம் தேதி வந்தது. முதல் வாரத்தில் 1,72,000 பிரதிகள், அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம். தலைப்பில் இருக்கும் 101 அமெரிக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பாடத்துக்குப் போடும் எண். வியாபாரப் பாடம் நடத்துகிற வாத்தியார் என்று தன்னை வைத்துக்கொண்டார். ஷாட்டி ரெட் என்ற புரொடியூசர் போட்ட பீட்டுகளில் பேய்ப்படத்துக்கு வாசிக்கிற மாதிரி சின்தசைசர் வயலின்கள் எழும்பும். அதன் மேல் இந்தக் கரகரக் குரல் நின்றால் ஏதோ பெரிய ஊர்வலம் வருகிறது என்று தோன்றும். அந்த வருஷம் முறைத்த முகத்தோடு ஒரு பனிமனிதன் படம் போட்ட டி-ஷர்ட் அமெரிக்காவில் பிள்ளைகள் நடுவே பரவியது. பனி என்பது கொக்கேயினுக்குச் சங்கேதப் பெயர், பனிமனிதன் ஜீஸியின் பட்டப்பெயர். விஷயம் புரிந்ததும் பல பள்ளிகள் அந்தச் சட்டையைத் தடை செய்தன.

நான் அப்போது ஜீஸி கட்சி. கூச்சியைச் சோம்பேறி என்றே நினைத்தேன்.

இப்போது கேட்டாலும் அந்த முதல் ஆல்பத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வளர்ச்சி என்று பார்த்தால் அது ஒரு சிக்கல். ஜீஸி முழுசாக வந்து இறங்கியவர். குரல், தோரணை, இடைவெளி, "யே...யா", எல்லாம் முதல் நாளே தயார். அதற்குப் பிறகு எங்கே வளர்வது? அவர் கண்டுபிடித்த வழி, குரலை அப்படியே வைத்துக்கொண்டு பேசுகிற விஷயத்தை விரிப்பது.

அதன் உச்சம் 2008. 'தி ரெசஷன்', அதாவது பொருளாதார மந்தம் என்று ஒரு ஆல்பம். வெளிவந்த தேதி செப்டம்பர் 2. லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது செப்டம்பர் 15. அமெரிக்காவில் மந்தம் வந்துவிட்டது என்று அதைத் தீர்மானிக்கும் பொருளியலாளர் குழு அதிகாரபூர்வமாக அறிவித்தது டிசம்பரில். பெட்ரோல் விலை, வேலையில்லாமை, தெருவில் பணம் சுருங்குவது, இதையெல்லாம் அறிக்கைகள் வருவதற்கு முன் ராப்பர் தலைப்பாகவே போட்டுவிட்டார். தெருவியாபாரிக்கு முதலில் தெரிந்துவிடும் போல. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'மை பிரசிடெண்ட்', ராப்பர் நாஸ் உடன் பாடியது. ஒபாமா ஜெயிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே என் ஜனாதிபதி கறுப்பர் என்று பாடிவிட்டார்கள். நம்பிக்கையை முன்கூட்டியே செலவு செய்துவிட்ட பாட்டு அது. நவம்பரில் அது நிஜமானபோது கார்களில் இந்தப் பாட்டு ஓடியதில் ஆச்சரியம் இல்லை.

சரி, அப்புறம்? அப்புறம்தான் எனக்கு இழுக்கிறது. அடுத்த ஆல்பம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2011 டிசம்பரில் வந்தது. பெயர் 'டிஎம்:103', டிஎம் என்றால் அந்தத் தக் மோட்டிவேஷன்தான். பிறகு வந்தவற்றில் 2016-இன் 'டிராப் ஆர் டை 3', 2019-இன் 'டிஎம்104', 2020-இன் 'தி ரெசஷன் 2'. இந்தப் பெயர்களைப் பாருங்கள், பழைய வெற்றிகளின் அடுத்த பாகம். கூச்சியும் இந்த வேலையைச் செய்தவர்தான், 'டிராப் ஹவுஸ்' பெயரில் அவரிடமும் பாகங்கள் உண்டு. ஆனால் அவரிடம் அதைச் சுற்றி வேறு நூறு இருக்கும். ஜீஸியிடம் ஒவ்வொரு ஆல்பமும் ஒரு பெரிய அறிவிப்பு, அதனால் திரும்பி வருவது கண்ணில் படுகிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஹோட்டலில் இருபது வருஷமாக ஒரே ருசியில் சாம்பார் கிடைப்பதும் ஒரு சாதனைதான். 2025-இல் முதல் ஆல்பத்தின் இருபதாவது வருஷத்தைக் கொண்டாட ஆர்கெஸ்ட்ரா வைத்துச் சுற்றுப்பயணம் போனார். ஷாட்டி ரெட்டின் சின்தசைசர் வயலின்களுக்குப் பதில் நிஜ வயலின்கள். இருந்ததற்கே இன்னும் நல்ல உடுப்பு. ஜீஸி வளர்வது இந்த விதத்தில்தான்.

கூச்சிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் சரக்கு அதிகம், குப்பையும் அதிகம்.

அந்தக் காலத்து அட்லாண்டாவில் மிக்ஸ்டேப் என்பது ஒரு தனிச் சந்தை. லேபிளுக்குத் தெரியாமல், சில சமயம் தெரிந்தே, டிஜேக்களோடு சேர்ந்து சிடி போட்டுத் தெருவில் விடுவார்கள். ஜீஸிக்கும் பேர் வாங்கிக்கொடுத்தது டிஜே டிராமாவோடு போட்ட 'டிராப் ஆர் டை' மிக்ஸ்டேப். அந்த டிராமாவின் அலுவலகத்தை 2007 ஜனவரியில் போலீஸ் சோதனை போட்டு, திருட்டு சிடி விற்றதாகச் சொல்லி அவரைக் கைது செய்தது. லேபிள்களே விளம்பரத்துக்காக அந்த சிடிகளை நம்பியிருந்தன என்பதுதான் வேடிக்கை. ஜீஸிக்கு மிக்ஸ்டேப் ஏணி, ஏறிய பிறகு எப்போதாவது இறங்கி வருவார். கூச்சி அதிலேயே குடியிருந்தார். தினமும் ஸ்டூடியோ, தினமும் பாட்டு. 2009 அக்டோபர் 17-ஆம் தேதி ஒரே நாளில் மூன்று மிக்ஸ்டேப் விட்டார். அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா என்ற மூன்று நாட்டுப் பெயர்களையும் தன் பெயரோடும் "பர்ர்ர்" என்று குளிரில் நடுங்குகிற தன் சத்தத்தோடும் முறுக்கித் தலைப்பு வைத்தார்.

என்னை மாற்றியது அந்த வருஷத்துக் கூச்சிதான். ஒரு இரவு நேரப் பேருந்து, காலி இருக்கை, பாட்டரி குறைந்த போன். வேறு எதுவும் டவுன்லோடு ஆகவில்லை, நண்பன் ஏற்றிக்கொடுத்த கூச்சியின் மிக்ஸ்டேப் மட்டும் இருந்தது. மூன்று மணி நேரம் வேறு வழியில்லாமல் கேட்டேன். உளறல் என்று நினைத்தது மெல்ல மெல்லப் பிரிந்து தெரிந்தது. வரிக்குள் வரி வைக்கிறார். ஒரு சொல்லை எடுத்து அதன் ஓசையை மூன்று நான்கு வரிக்கு விடாமல் உருட்டுகிறார், பம்பரத்தைக் கையில் ஏந்துகிற மாதிரி. அதே ஆண்டு வந்த 'லெமனேட்' பாட்டில் மஞ்சள் என்ற ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு கார், நகை, உடை என்று பார்க்கிறதையெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டே போவார். நம்மூர்ப் பிள்ளைகள் நிறம் சொல்லி விளையாடுவது போலத்தான், ஆனால் எங்கே இடறினாலும் தாளத்தில் சரியாக வந்து விழுகிறார். தூங்குமூஞ்சித்தனம் ஒரு வேஷம். உள்ளே ஆசிரியையின் மகன் விழித்துக்கொண்டே இருக்கிறான்.

'லெமனேட்' இருந்த ஆல்பத்தின் பெயர் 'தி ஸ்டேட் வெர்சஸ் ராட்ரிக் டேவிஸ்'. கோர்ட்டில் வழக்கைக் கூப்பிடுகிற மாதிரி, அரசு எதிர் ராட்ரிக் டேவிஸ். 2009 டிசம்பர் 8-இல் அது வெளிவந்தபோது ஆள் சிறையில். நன்னடத்தை விதியை மீறியதற்காகச் சில வாரம் முன்பு நவம்பரில் ஒரு வருடத் தண்டனை விழுந்திருந்தது. பெரிய வாய்ப்பு வரும்போதெல்லாம் உள்ளே போவது அவருக்கு ஒரு ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது. இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் போதைப் பழக்கம் வேறு. 2011-இல் கன்னத்தில் ஐஸ்கிரீம் கோன் பச்சை குத்திக்கொண்டபோது உலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். 2013-இல் மறுபடி கைது. துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் ஃபெடரல் சிறை. அவர் உள்ளே இருந்த காலத்திலும் பழைய பதிவுகளை ஒட்டிச் சேர்த்த மிக்ஸ்டேப்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் பாதியை நீங்கள் கேட்காமல் விட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

2016 மே 26-ஆம் தேதி வெளியே வந்தவரைப் பார்த்து ஜனங்கள் நம்பவில்லை. தொப்பை இல்லை. பல் வரிசையாகத் தெரிகிறது. கண்ணில் தூக்கம் இல்லை. இது அசல் கூச்சி இல்லை, அரசாங்கம் செய்த நகல் என்று இணையத்தில் ஒரு கூட்டமே கிளம்பியது. பாதி விளையாட்டு, பாதி சீரியஸ். வீட்டுக் காவலில் இருந்தபடி, வீட்டிலேயே மைக் வைத்து, ஆறு நாளில் பாடி முடித்த ஆல்பம் 'எவ்ரிபடி லுக்கிங்'. ஜூலையில் வந்தது. அதைக் கேட்டுவிட்டு உடனே 2009-ஐக் கேளுங்கள். உச்சரிப்பு தெளிந்திருக்கிறது, மூச்சு நீண்டிருக்கிறது, போதையைப் பற்றியே வெளியில் நின்று பேசுகிறார். பழைய ரசிகர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, மழுங்கிய அந்தக் குரலில்தான் மந்திரம் இருந்தது என்பார்கள். எனக்கும் பாதி அப்படித்தான். ஆனால் குரலே மாறுகிற அளவுக்கு ஒருவர் மாறியிருக்கிறார் என்பதை மறுக்க முடியாது. ஜீஸியிடம் இது நடக்கவே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கூச்சியின் வளர்ச்சியில் பாதி அவருடைய ஆல்பங்களில் இல்லை, மற்றவர்களிடம் இருக்கிறது. மைக் வில் பள்ளிக்கூடப் பையனாகப் பீட்டைக் கொண்டுவந்தபோது வாங்கிக் கேட்டுப் பாடியவர் கூச்சி. 'மைக் வில் மேட் இட்' என்ற பெயரே கூச்சி போகிற போக்கில் ஒரு பாட்டில் சொன்னது. பின்னாளில் பெரிய ராப்பரான யங் தக்கை, அவர் யார் என்று யாருக்கும் தெரியாத 2013-இல் தன் லேபிளில் எடுத்துக்கொண்டார். மீகோஸ் என்ற ராப் குழுவின் பையன்களுக்கு ஆரம்பத்திலேயே கை கொடுத்தார். ராப்பர் வாக்கா ஃப்ளாக்கா அவர் நிழலில் வளர்ந்தவர். இவர்கள் யாரும் ஒருவரைப் போல் ஒருவர் பாடுவதில்லை, கூச்சியைப் போலவும் பாடுவதில்லை. அதுதான் அவருடைய காது. 2016 நவம்பரில் கூச்சியின் குரல் முதல்முறையாக பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடத்துக்குப் போனது, ரே ஸ்ரெம்மர்ட் இரட்டையரின் 'பிளாக் பீட்டில்ஸ்' பாட்டில் விருந்தாளியாக. அந்தப் பாட்டின் புரொடியூசர் யார் என்று பாருங்கள்: மைக் வில். விதைத்தது பத்து வருஷம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றது.

ஜீஸியும் ஆள் சேர்க்காமல் இல்லை. கலிஃபோர்னியா ராப்பர் ஒய்ஜியின் முதல் ஆல்பத்தில் ஜீஸியின் லேபிள் இருக்கிறது. ராப்பர் ஃப்ரெடி கிப்ஸ் அந்த லேபிளில் 2011-இல் சேர்ந்து அடுத்த வருஷமே மனக்கசப்போடு பிரிந்தார். முதலாளிக்கும் வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. பாடம் நடத்துகிறேன் என்று ஆல்பத்தில் பேர் வைத்தவர் ஜீஸி, பள்ளிக்கூடம் நடத்தியவர் கூச்சி.

இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தது 2020 நவம்பர் 19-ஆம் தேதி. கொரோனா காலத்தில் இரண்டு பாடகர்கள் மாறி மாறித் தங்கள் பாட்டைப் போட்டு மோதும் 'வெர்சஸ்' என்ற நேரலை நிகழ்ச்சி பிரபலமானது. ஜீஸியோடு மோத இருந்தவர் டி.ஐ., கடைசியில் கூச்சி வந்தார். இடம் அட்லாண்டாவின் மேஜிக் சிட்டி கிளப். பதினைந்து வருஷப் பகை, நடுவில் ஒரு பிணம். லட்சக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் மறுநாள் காலையில் காபியை ஆறவைத்துக்கொண்டு பார்த்தேன்.

கூச்சி விடவில்லை. என் சங்கிலிக்குப் பத்தாயிரம் டாலர் விலை வைத்தாயே, பார், பத்தாயிரம் டாலர் உடுப்பில் வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். இறந்தவரை இழித்துப் பேசும் தன் பழைய வசைப்பாட்டையே போட்டார். கேமராவில் ஜீஸியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தாடை இறுகியது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டு, உன்னை இங்கே நான் கூப்பிட்டது எதற்காக என்றால், பையன்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள், நாம் ஆரம்பித்ததை நாமே முடிப்போம் என்கிற மாதிரிப் பேசினார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் பிடித்து வைத்த கோபம். அதன் பிறகுதான் அறையின் காற்று மாறியது. கடைசியில் இருவரும் சேர்ந்து பாடியது, வேறெது, 'ஐஸி'.

அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், பாட்டில் கூச்சி, பக்குவத்தில் ஜீஸி. பாட்டில் மாறாத மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி மாறியிருந்தார். பாட்டில் இவ்வளவு மாறியவர் அந்த ஒரு மணி நேரம் 2005-லேயே நின்றார். வளர்ச்சியைக் கலைஞனிடம் மட்டும் தேடினால் கணக்கு இடிக்கிறது.

சரி, முடிவுக்கு வருவோம். காலையில் வேலைக்குப் போகும் வழியில், ஜிம்மில், அல்லது மனசு தளர்ந்த நாளில் ஒரு உந்துதல் வேண்டும் என்பவருக்கு ஜீஸி. 2005 ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிட்டு நேராக 2008-க்குப் போங்கள், நடுவில் இருப்பது பிறகு. இரண்டு ஆல்பத்தில் ஜீஸியின் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். நேரம் குறைவு என்பவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. கூச்சிக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. 2005-இன் 'டிராப் ஹவுஸ்', 2009-இன் ஆல்பமும் ஒன்றிரண்டு மிக்ஸ்டேப்பும், 2016 ஆல்பம், இந்த வரிசையில் கேட்டால்தான் ஆள் மாறியது தெரியும். பத்து நாள் பத்தாது. ஆனால் இன்றைய ராப் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது நாமே பீட் செய்ய வேண்டும் என்பவருக்கு வேறு வாசல் கிடையாது. படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு துணை: இருவருமே தன்வரலாறு எழுதியிருக்கிறார்கள், கூச்சி 2017-இல், ஜீஸி 2023-இல். அப்புறம் ஒரு எச்சரிக்கை. இருவரின் வரிகளிலும் போதைமருந்து, துப்பாக்கி, கெட்ட வார்த்தை, பெண்களைப் பற்றிய மட்டமான பேச்சு எல்லாம் உண்டு. வீட்டில் ஸ்பீக்கரில் போட வேண்டாம், அம்மாவுக்கு ஆங்கிலம் புரியும்.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கு அனுப்புவதற்குள் அவன் நான் முதலில் சொன்னபடி ஜீஸியில் ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் நாள் போன் பண்ணினான். "நல்லா இருக்கு மாமா, கெத்தா இருக்கு" என்றான். கேட்டதற்கு மரியாதையாகச் சொல்கிறான் என்று புரிந்தது. 'ஐஸி'யை மட்டும் அனுப்பினேன், யார் குரல் பிடித்திருக்கிறது என்று சொல், அந்தப் பக்கம் போகலாம் என்றேன்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "பியானோ வாசிச்சது யாரு மாமா?"

கூச்சியின் பட்டியலை அனுப்பிவிட்டேன். ஸேடோவன் அதிகம் இருப்பது அங்கேதான்.